டாக்டரிடம் சொல்லாமல் விட்டது

“தம்பி, ஆத்தாகிட்ட ஒரு தடவைக்கு ஒண்ணுதான் கேக்கோணும். இப்படி மூட்டைய அவுத்துக் கொட்டுனா அவ எதுக்குன்னு பதில் சொல்லுவா?”

எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் பூசாரி அப்படி அதட்டியபோதுதான் எனக்கு அந்த யோசனை பிறந்தது. பக்த அன்பர்களே, அந்த அதட்டல்தான் என் தாயின் காலைக் காப்பாற்றியது.

இந்த எண்பத்தொன்றாம் வருஷம், ஆடி மாதம். நாமகிரிப்பேட்டைக்குப் பக்கம் எங்கள் ஊர். நான் பி.எஸ்ஸி. வேதியியல் முடித்துவிட்டு வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தேன். மஞ்சள் காட்டில் அம்மாவின் கால் கட்டைவிரலில் முள் குத்திய புண், இரண்டு மாதமாகியும் ஆறவில்லை. விரல் கறுத்துவிட்டது.

சேலத்தில் ஒரு தர்ம ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அறுவை சிகிச்சை டாக்டர் செவ்வாயும் வெள்ளியும்தான் வெளிநோயாளிகளைப் பார்ப்பார். மூன்று மணி நேரம் வரிசை. உள்ளே ஒரு நிமிஷம். சிறுநீர்ச் சோதனைச் சீட்டைப் பார்த்தார்.

“சர்க்கரை இல்லை. வலிக்குதாம்மா?”

“ஆமாங்க.”

“காய்ச்சல்?”

“ஆமாங்க.”

காய்ச்சல் இல்லவே இல்லை! பெரிய மனிதர் கேட்டால் அம்மாவுக்கு எல்லாமே ஆமாங்கதான். வெள்ளிக்கிழமையும் அதே சோதனை, அதே ஒரு நிமிஷம். “விரலை எடுத்துடலாம். செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்துடுங்க. அடுத்த ஆள்!”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்காதவர் விரலை எப்படி எடுக்கலாம்? சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் அவருக்குச் சொந்த நர்சிங் ஹோம் இருக்கிறதாம், அங்கே வரவைக்கத்தான் இங்கே விரட்டுகிறாராம் என்று வரிசையில் ஒருவர் சொன்னார். உடனே நம்பினேன். இன்று விரல், நாளை பாதம், அப்புறம் முழங்கால். அம்மா இல்லாமல் எங்கள் காடு ஏது? அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை பூ கேட்கப் போனேன். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம் கட்டி அம்மன் காலடியில் வைப்பார்கள். எடுப்பது வெள்ளையானால் ஆத்தாவின் சம்மதம். நான் டாக்டர் நல்லவரா, விரலை எடுக்கலாமா, வேறு ஆஸ்பத்திரி பார்க்கலாமா என்று அடுக்கியபோதுதான் பூசாரி அதட்டினார். ஒன்றே ஒன்று கேட்டேன்: “இதே டாக்டரிடம் போகலாமா, தாயே?”

வெள்ளை. எனக்கு அதிலும் சந்தேகம். இரண்டிலும் வெள்ளையே வைத்திருப்பாரோ என்று மற்றதையும் பிரித்துப் பார்த்தேன். சிவப்பு. “இப்பத் திருப்தியாங்க?” என்றார் பூசாரி.

டாக்டரிடமும் ஒன்றே ஒன்று சொன்னால் என்ன? அன்று மாலை பென்சிலோடு அம்மாவிடம் உட்கார்ந்தேன். ஒரு வருஷமாக ராத்திரியில் சிறுநீர் கழிக்க ஐந்தாறு தடவை எழுந்திருக்கிறாளாம். தீராத தாகமாம். படித்த படிப்பு உறுத்தியது. “சோதனைக்குக் குடுத்த அன்னைக்கு என்னம்மா சாப்ட்டே?”

“ஏஞ்சாமி, செவ்வாயும் வெள்ளியும் நான் எப்பச் சாப்ட்டேன்?”

ஆத்தாவுக்காகப் பல வருஷமாக இருக்கும் விரதம். எனக்குத் தெரியாததா? டாக்டரைச் சந்தேகிப்பதிலேயே குறியாக இருந்துவிட்டேன். இரண்டு சோதனையும் வெறும் வயிற்றில் எடுத்தவை! சாப்பிடாத நேரத்தில் சர்க்கரை சிறுநீரில் தெரியாமலே போகலாம்.

செவ்வாய்க்கிழமை அதை மூன்று வரியில் எழுதி நீட்டினேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

“இதை மொதல்லயே சொல்றதுக்கு என்னப்பா?”

“நீங்க கேக்கலீங்க.”

“வெளிய எத்தனை பேர் நிக்கிறாங்க, பாத்தியா? சாப்பிட வெச்சு, ரெண்டு மணி நேரம் கழிச்சுக் கூட்டிட்டு வா.”

ஆடிச் செவ்வாய். அம்மா தயங்கினாள். “ஆத்தா கோவிச்சுக்குவாளே கண்ணு?”

“அவதானம்மா பூக் குடுத்து அனுப்புனா.”

ஆஸ்பத்திரி வாசலில் கண்ணை மூடிக்கொண்டு நான்கு இட்லி சாப்பிட்டாள். இம்முறை சோதனைக் குழாயில் நீலம் செங்கல் நிறமாக மாறியது: நிறையச் சர்க்கரை. ரத்தச் சோதனையும் அதையே சொன்னது. “சர்க்கரையைக் குறைக்காம கத்தி வெச்சிருந்தா புண்ணு மேல மேல ஏறியிருக்கும்” என்றார் டாக்டர். சர்க்கரைக்கு ஊசி போட்டார்கள். செத்த தோலை மட்டும் எடுத்தார்கள். ஐப்பசியில் அம்மா செருப்புப் போட்டுக் காட்டுக்கு நடந்தாள். தாயே, உனக்கு எப்படி நன்றி சொல்வேன்!

அந்த டாக்டர்மேல் எனக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. அம்மன்மேல் வந்துவிட்டது. கலங்கி நிற்பவர்களே, அவளிடம் ஒன்றைத் தெளிவாகக் கேளுங்கள். அவள் வழி காட்டுவாள்.

நாளை செவ்வாய்க்கிழமை. அந்த வரிசையில் நிற்பவர்கள் டாக்டரிடம் சொல்ல வேண்டியதை எழுதிக் கொடுக்கப் போகிறேன். போன வாரம் டாக்டரிடம் அனுமதி கேட்டேன். “நீ எந்தக் கட்சி?” என்று கேட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். காவலாளி துரத்தினாலும் துரத்துவான். முதல் பஸ்ஸில் போகிறேன்.