அக்காவுக்காக மாட்டிய கேரியர்

முதல் சம்பளத்தில் ஹைப்ரிட் சைக்கிள் வாங்கியபோது, பழைய சைக்கிளைக் கடைக்காரரிடமே தள்ளிவிட்டேன். புதியதில் ஏழு கியர், மெலிந்த டயர். மிதித்தால் பறக்கும். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் எங்கள் கம்பெனி வாட்ச்மேன் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இன்னா சார், கேரியரே காணோம்? பாதி சைக்கிள்தான் குடுத்தானா?" கேரியர் வைத்தால் வேகம் குறையும் என்று நெட் சென்டரில் படித்ததையெல்லாம் நின்று விளக்கினேன், பாவம் அவர்.

பழைய சைக்கிளோடு போனது அக்காவின் இடம் என்பது எனக்கு உறைக்கவில்லை. அக்கா வேறொரு கம்பெனியில் எட்டு மணி நேரம் நின்றபடி பாக்கிங் பார்ப்பவள். ஷிப்ட் முடிந்ததும் கம்பெனி பஸ் பைபாஸில் இறக்கிவிடும். அங்கிருந்து வீட்டுக்கு இரண்டு கிலோமீட்டர். முன்பெல்லாம் நான் போய் கேரியரில் ஏற்றிவருவேன். இப்போது நடந்தாள். "நடந்தா ஒடம்புக்கு நல்லதுடா" என்று சொல்லிவிட்டாள்.

ஒரு ஞாயிறு காலை, குதிகாலை ஊன்ற முடியாமல் நுனிக்காலில் அவள் குழாயடிக்குப் போனதைப் பார்த்தேன். அன்றைக்கே அவளை ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிட்டு, பின்னாலேயே சைக்கிளை மிதித்துக்கொண்டு பஜாரில் பாயின் சைக்கிள் கடைக்குப் போனேன்.

பாய் இரண்டு கேரியர்களை எடுத்து வைத்தார். ஒன்று கறுப்பு அலாய். சீட்டுக் குழாயை மட்டும் கவ்விக்கொள்வது. இன்னொன்று இரும்புக் கம்பி. இரண்டு கால்கள் இறங்கி பின்சக்கர அச்சில் மாட்டுவது. என் கண் கறுப்பை விட்டு நகரவில்லை.

"இது எத்தினி கிலோ தாங்கும் பாய்?"

"பத்து. பை வெக்கலாம். ஆளு ஒக்காந்தா அப்படியே ரோட்லதான்."

அக்கா முந்திக்கொண்டாள். "அதையே போடுங்க பாய். பை வெக்கத்தான்."

"பைக்கோசரமாக்கா உன்ன இட்டுக்கினு வந்தேன்?"

"இரும்பு வாணாண்டா. ஆசையா வாங்கின வண்டி, பால்காரர் வண்டியாட்டம் ஆயிடும். கம்பெனில சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்."

"என் வெயிட்டு தெரியுமாடா ஒனக்கு?"

"இன்னா, எழுவதா?"

அக்கா முறைத்தாள். பாய் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஸ்பானரைத் தேடுவதுபோல் குனிந்தார். "இரும்பே போடுங்க பாய்" என்றேன்.

கேரியரின் கால் கியரில் இடித்தது. அதற்கு நான் படித்திருந்த மூன்று வழிகளைச் சொல்லி முடிப்பதற்குள், பாய் இரண்டு வாஷர்களைச் செருகி முடுக்கிவிட்டார். "ஏறி ஒக்காரும்மா. ஆளு ஒக்காந்து பாக்காம நான் வண்டிய அனுப்பறதில்ல."

அக்கா ஒருபக்கமாக உட்கார்ந்து, பழக்கத்தில் சீட்டுக்கடியில் ஸ்பிரிங்கைத் தேடினாள். இந்த சீட்டில் ஸ்பிரிங்கே கிடையாது.

"எங்கடா புடிக்கிறது?"

"என்னப் புடிச்சிக்கோ."

சட்டை நுனியை மட்டும் பிடித்தாள். வீட்டுக்குப் போகிற வழியில் மேட்டில் கியரைக் குறைத்தபோது, "எறங்கட்டுமாடா?" என்றாள்.

"பேசாம ஒக்காருக்கா."

அப்புறம் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, காலை ஆட்டிக்கொண்டே வந்தாள்.