கந்தையா முதலாளியின் பெல்ட்

ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்த பெரிய தலைவலி ஓர் அதிகாரியின் கார். ஓடும்போது இன்ஜினுக்குள் யாரோ சுத்தியலால் அடிப்பதுபோலச் சத்தம். மறுநாள் சாயங்காலம் வண்டி ஓடாவிட்டால் முதலாளி, போனவர் திரும்பாத சயாமுக்கு ரயில்பாதை போடப் போக வேண்டியதுதான் என்று அரைகுறை மலாயில் சொல்லிவிட்டுப் போனான்.

பினாங்கு டத்தோ கெராமட் சாலையில் இருந்த அந்த ஒர்க்‌ஷாப்பின் முதலாளி கந்தையா, யாழ்ப்பாணத்துக்காரர். சண்டைக்கு முன் நல்ல தொப்பை. மரவள்ளிக்கிழங்கு தின்று தின்று அது கரைந்துபோய், பெல்ட்டின் தயவில்தான் கால்சட்டை இடுப்பில் நின்றது.

நானும் மூத்த மெக்கானிக் மைதீன் அண்ணனும் இன்ஜினைத் தூக்கி இறக்கி, அடியில் எண்ணெய் தேங்கும் சம்ப்பைக் கழற்றினோம். பேரிங் மூடி ஒவ்வொன்றிலும் பஞ்ச்சால் நம்பர் குத்தினோம். தொழிலுக்கு வரும் பிள்ளைகள் இதை மறக்கவே கூடாது. மூடி இடம் மாறினால் உள்ளே சுற்றும் ஷாஃப்ட் இறுகிக்கொள்ளும். பிறகு ஆளுக்கொரு முனை பிடித்துக் கிராங்க்‌ ஷாஃப்ட்டை நேராகத் தூக்கினோம். அதில் குறையில்லை. கனெக்டிங் ராடு ஒன்றின் பேரிங்தான் தேய்ந்து போயிருந்தது, சத்தம் அதில்தான். புது பேரிங்குக்கு அன்றைய பினாங்கில் எங்கே போவது?

பேரிங் இருந்த இடத்தில் எண்ணெயில் ஊறவைத்த தோலை வெட்டி வைத்தால் கொஞ்ச தூரம் ஓடும் என்றார் மைதீன் அண்ணன். இருவரும் முதலாளியின் இடுப்பைப் பார்த்தோம்.

"என்ர பெல்ட்டையோ?"

"சயாமுக்குப் போறதுக்கு பெல்ட் எதுக்கு முதலாளி?" என்றார் மைதீன் அண்ணன்.

கழற்றிக் கொடுத்தார். வெட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார், பாவம். இடுப்பில் கயிறு கட்டிக்கொள்ளச் சொன்னோம். தான் என்ன மாடா என்று கோபித்துக்கொண்டு, கால்சட்டையைக் கையாலேயே பிடித்துக்கொண்டார்.

ஷாஃப்ட்டை இறக்கி, ராடில் தோலை வைத்து, மூடிகளை நம்பர் பார்த்துப் பூட்டினோம். கையால் சுற்றிப் பார்த்தோம், சுற்றியது. இன்ஜினை வண்டியில் ஏற்றி முடிக்கவும் அதிகாரி வரவும் சரியாக இருந்தது.

ஜப்பான்காரர்களுக்கு வணக்கம் என்றால் இரண்டு கையும் தொடையோடு ஒட்டியிருக்கக் குனிய வேண்டும். முதலாளி ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு குனிந்தார். அவன் கத்திய கத்தலில் அந்தக் கையும் இறங்கியது. கூடவே கால்சட்டையும் இறங்கியது. நாங்களும் சட்டென்று குனிந்தோம். நிமிரவே இல்லை, நிமிர்ந்தால் சிரிப்பு வரும், சிரித்தால் அறை விழும்.

பெல்ட் எங்கே என்று அவன் மலாயில் கேட்டான். எனக்குச் சிரிப்பெல்லாம் ஓடிப்போயிற்று. உன் இன்ஜினுக்குள் இருக்கிறது என்று சொன்னால் முதலாளியின் கதை அங்கேயே முடிந்துவிடும்.

முதலாளி கால்சட்டையை மெதுவாக மேலே இழுத்துக்கொண்டார்.

"சூடா காசி நிப்போன், துவான்."

ஜப்பானுக்குக் கொடுத்துவிட்டேன் ஐயா என்று அர்த்தம். யுத்த நிதிக்கு இடுப்புத் தோலைக்கூடக் கொடுத்த மனிதர் என்று அவன் நினைத்துவிட்டான். விறைப்பாக நின்று முதலாளிக்கு ஒரு சல்யூட் அடித்தான். வண்டியில் ஏறினான். இன்ஜின் பூனைபோலக் கிளம்பிப் போயிற்று.

"கெதியாக் கதவைப் பூட்டுங்கோ" என்றார் முதலாளி. "தோல் எவ்வளவு தூரம் ஓடுமெண்டு அவனுக்குத் தெரியாது."

அன்று நான் கற்றது இதுதான். உண்மையைச் சொல்வதும் நட்டு இறுக்குவதும் ஒன்று. போதும் என்கிற இடத்தில் கை நிற்க வேண்டும்.