ஒசாகாவில் ‘நிக்கு’ என்றால் மாடு மட்டும்தான்

போன நவம்பரில் ஐந்து நாள் ஜப்பானின் ஒசாகா நகரத்துக்குப் போய்வந்தேன். சுற்றுலா என்று நினைத்துப் பொறாமைப்பட வேண்டாம். துபாய்ப் பக்கம் ராஸ் அல் கைமாவில் எங்கள் டைல்ஸ் கம்பெனிக்கு வந்திருக்கும் புது அச்சு மெஷினை ஓட்டப் பழகிவர இரண்டு பேரை அனுப்பினார்கள். ஒருவன் நான், பெரம்பலூர்க்காரன். இன்னொருவர் என் ரூம்மேட் காசிம் பாய், தொண்டிக்காரர். டிக்கெட்டும் தங்குமிடமும் கம்பெனி செலவு, சாப்பாடு எங்கள் பாடு. அங்கே குறைந்த செலவில் வயிறு நிறைய நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் மாடு சாப்பிடுவதில்லை. கேம்ப் மெஸ்ஸில் வெள்ளிக்கிழமை இரண்டு அண்டாவில் குழம்பு இருக்கும். இரண்டும் ஒரே சிவப்பு. ஆறு வருஷமாக பாய்தான் முதலில் மூடியைத் திறந்து பார்த்து, “செல்வம், இது மாடு. எடுக்காத” என்பார். ஒரு தடவைகூடத் தவறியதில்லை. கிளம்பும்போது அவர் சொன்னது இதுதான்: “இங்க உன் தட்டை நான் பாத்தேன். அங்க என் தட்டை நீ பாத்துக்க. நீ கேட்டுச் சொல்லு, நான் கண்ணை மூடிட்டுச் சாப்பிடுறேன்.” பெரிய மனுஷன் மாதிரி நானும் தலையாட்டினேன்.

துபாய் ஏர்போர்ட்டிலிருந்து ஒன்பதரை மணி நேரம். ஒசாகா ஏர்போர்ட்டில் இறங்கி நம்பா என்ற இடத்துக்கு ரயிலில் முக்கால் மணி நேரம், 970 யென். ஒரு திர்ஹாமுக்கு ஏறக்குறைய நாற்பது யென் என்று வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சி நான்கு நாள். அந்த நான்கு நாளும் எங்களைக் காப்பாற்றியது தெருமுனைக் கடைகளில் கிடைக்கும் சோற்று உருண்டைதான். கடல்பாசித் தாளில் சுற்றி, உள்ளே சால்மன் மீன் வைத்திருப்பார்கள். ஒன்று 160 யென், இரண்டு தின்றால் மதியம் வரை தாங்கும். எட்டாவது உருண்டைக்கு மேல் பாய் அதைப் பார்த்தாலே பெருமூச்சு விட ஆரம்பித்துவிட்டார்.

பயிற்சி கொடுத்த இன்ஜினியர் டோக்கியோக்காரர். ‘நிக்கு’ என்றால் இறைச்சி, ‘நை’ என்றால் இல்லை என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார். இங்கே அரபியில் இல்லை என்பதற்கு நாம் சொல்லும் மாஃபிதான் அவர்களுக்கு நை. இந்த இரண்டு சொல்லை வைத்தே ஜப்பானைச் சமாளித்துவிடலாம் என்று எனக்கு ஒரு தெம்பு.

ஐந்தாம் நாள் லீவு. காலை பத்து மணிக்கு மெட்ரோவில் 190 யென் கொடுத்து ஒரு மார்க்கெட்டுக்குப் போனோம். கூரை போட்ட நீளமான சந்து, இரண்டு பக்கமும் சாப்பாட்டுக் கடைகள். ஒரு கடையில் மூங்கில் தட்டில் ஆவி பறக்க வெள்ளை வெளேரென்று பன். ஒன்று 240 யென். உள்ளே ஏதோ பூரணம். பாய்க்கு நாக்கில் எச்சில் ஊறுவது எனக்கே தெரிந்தது.

கல்லாவில் இருந்த அம்மாவிடம், “நிக்கு?” என்று கேட்டேன்.

“நிக்கு நை. புத்தா, புத்தா” என்றார் அவர், சிரித்த முகமாக.

நிக்கு இல்லை, புத்தா. புத்தர் கோயில்காரர்கள் சாப்பிடும் சைவ பன் போலிருக்கிறது என்று நானே முடிவுகட்டிவிட்டேன். “பாய், சுத்த சைவம். யல்லா, சாப்பிடுங்க!” என்று இரண்டு வாங்கி, ஒன்றைப் பாய் கையில் கொடுத்தேன்.

பாய் கடை வாசலிலேயே நின்று, ஆவியை ஊதி, “பிஸ்மில்லா” என்று சத்தமாகச் சொல்லி வாயருகே கொண்டுபோனார். அவ்வளவுதான், உள்ளேயிருந்து அந்த அம்மா, “தமே! தமே!” என்று கத்திக்கொண்டே ஓடிவந்து அவர் கையைப் பிடித்துவிட்டார். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் விரலால் தன் மூக்கு நுனியை மேலே தூக்கி, “பூ, பூ” என்று உறுமிக் காட்டினார்.

பன்றி!

பாய் பன்னை அப்படியே காகிதத்தில் வைத்தார். அம்மா போனில் தட்டி, ஆங்கிலத்தில் மாற்றிக் காட்டினார். ஒசாகாப் பக்கம் ‘நிக்கு’ என்றால் மாடு மட்டும்தானாம். பன்றிக்கு ‘புத்தா’ என்று தனிப்பெயர். ‘தமே’ என்றால் கூடாது என்று அர்த்தமாம். பிஸ்மில்லா சொல்லும் வாடிக்கையாளர்கள் அவருக்குப் பழக்கமாம், அதனால்தான் ஓடிவந்திருக்கிறார். அந்த அம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

“பாய், மன்னிச்சிருங்க” என்றேன். ஆறு வருஷம் அவர் காத்ததை நான் ஆறு நிமிஷத்தில் தொலைக்கப் பார்த்தேனே என்று என்மேலேயே ஆத்திரம்.

“உள்ள போகலைல? அல்ஹம்துலில்லா. கலாஸ், விடு” என்றார் பாய். பிறகு இரண்டு பன்னையும் என் பக்கம் தள்ளினார். “உனக்கு மாடுதானே மாஃபி? இது மாடு இல்லை. காசைக் குப்பையில போடாத.”

தள்ளிப்போய் இரண்டையும் நானே தின்றேன். பயத்தில் ருசி தெரியவில்லை. கை கழுவி வாய் கொப்பளித்துவிட்டு வந்தால், “உன் வாயாலயா நான் சாப்பிடப் போறேன்?” என்று பாய் சிரிக்கிறார். எதிர்க்கடையில் உப்பு மட்டும் தடவிச் சுட்ட கானாங்கெளுத்தியும் சோறும் 650 யென். பாய் முள்ளைக்கூட விட்டுவைக்கவில்லை. அவர் சாப்பிட்டு முடித்து ஏப்பம் விட்ட பிறகுதான் எனக்கு மூச்சே சீராக வந்தது.

போகிறவர்களுக்கு: மாடு ‘க்யூ’, பன்றி ‘புத்தா’, கோழி ‘தோரி’. மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். பல குழம்புகளில் மிரின் என்ற அரிசி மது சேர்ப்பார்கள், கண்டிப்பானவர்கள் அதையும் விசாரிக்க வேண்டும். உப்புப்போட்டுச் சுட்ட மீன் எல்லோருக்கும் ஆகும். இரண்டு சொல் தெரிந்துவிட்டது என்று என்னைப்போல் மிதப்பில் திரியாதீர்கள், போனில் படத்தைக் காட்டிக் கேளுங்கள்.

திரும்பி வந்த முதல் வெள்ளிக்கிழமை, மெஸ்ஸில் தட்டோடு நின்றேன். என்னை நம்பி அவர் பட்ட பாட்டுக்கு, இனிமேல் உன் தட்டை நீயே பார்த்துக்கொள் என்று விட்டிருந்தாலும் கேட்க எனக்கு வாயில்லை. பாய் வழக்கம்போல் எனக்கு முன்னால் போய் முதல் அண்டாவின் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

“செல்வம், நிக்கு!” என்றார்.

நான் அடுத்த அண்டாவுக்கு நகர்ந்தேன்.