ஸ்டோரில் காய்ந்த விஸ்கி கிளாஸ்

குடிக்கிற கிளாஸுக்கு இத்தனை சாஸ்திரமா என்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. துபாயிலிருந்து சாந்தன்பாறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்த தம்பி, ஒரு விஸ்கி பாட்டிலோடு இரண்டு கிளாஸும் கொண்டுவந்திருந்தான். அடி உருண்டை, வாய் குறுகல், குட்டிச் சொம்பு மாதிரி.

"மோந்து பாக்குறதுக்குன்னே செஞ்சது, அக்கா. வாசனையெல்லாம் மேல வந்து கூடி நிக்கும்" என்றான்.

என் வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஏலக்காய் வாங்கி விற்பவர். ஒரு காயைக் கசக்கி மூக்கில் வைத்தால் சரக்கின் ஜாதகத்தையே சொல்லிவிடுவார். கொரோனா வந்து போனதிலிருந்து அந்த மூக்கு செத்துக் கிடந்தது. வெளியே யாருக்கும் சொல்லவில்லை. தெரிந்தால் கெட்ட சரக்கையெல்லாம் அவர் தலையில் கட்டிவிடுவார்களே!

தம்பி ஊற்றியதை முதலில் டீ கிளாஸில் மோந்தேன். சுள்ளென்று ஏறியது. சீ! அதையே குறுகின வாயில் மோந்தால், அடடா, கருப்பட்டி, நனைந்த பலகை, ஏதோ பழம். கிளாஸ் மாறினால் சரக்கே மாறுமா? எனக்கு ஆசை விடவில்லை, மாற்றி மாற்றி மோந்தேன்.

"பாத்துக்கா, மூக்கு வழியாவே போதை ஏறிரப் போகுது" என்றான் தம்பி.

அவரிடம் நீட்டினேன். கண்ணை மூடி இழுத்தார். "பச்சத் தண்ணி மாதிரி இருக்கு" என்று வைத்துவிட்டார். விடுவேனா? அடுத்தடுத்த நாள் அதிலேயே காப்பித்தூள் போட்டு நீட்டினேன், கருவாடு போட்டு நீட்டினேன். "ஆள விடுடி" என்றார்.

தம்பி தலையில் அடித்துக்கொண்டு, கிளாஸை நன்றாகக் கழுவச் சொன்னான். ஆனால் துணியால் துடைக்கக் கூடாதாம், துணி வாடை ஒட்டிக்கொள்ளுமாம், தானாகக் காய வேண்டுமாம். நல்ல கதை! ஆடி மழையில் இங்கே எது தானாகக் காயும்? சேலையிலிருந்து சாக்ஸ் வரை எங்களுக்குக் காய்வது ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில்தான். கீழே விறகு எரியும், புகை போகிற சூட்டுக்குழாய் அறை முழுக்க ஓடும். எங்கள் ஸ்டோரில், காய்த் தட்டிலேயே கிளாஸைக் கவிழ்த்துவிட்டு வந்தேன்.

மறுநாள் தம்பி அதில் மூக்கை வைத்துக் குதித்தான். "ஒரே ஏலக்கா! இனிமே இதுல பாயசம்தான் ஊத்தணும்."

நானும் மோந்தேன். ஏலக்காய்தான். அதிலென்ன குறை?

"என்னடி சத்தம்?" என்று வந்த வீட்டுக்காரர் கிளாஸை வாங்கி மூக்கில் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

"பொகை."

"என்னங்க?"

"பொகை வாடைடி! ஸ்டோர்ல குழாய் ஓட்டையாயிருச்சு. காயெல்லாம் போச்சு!"

குடைகூட எடுக்காமல் மழையில் ஓடினார். பின்னாலேயே ஓடினேன். குழாயில் விரல் நுழைகிற ஓட்டை. தட்டுத் தட்டாக எங்கள் தோட்டத்துக் காய் பச்சை செத்துப் பழுப்பேறிக் கிடந்தது. வேறு நாளாக இருந்தால் ஊரையே கூட்டியிருப்பேன். அன்று ஸ்டோர் வாசலில் நின்று அழுதுகொண்டே சிரித்தேன்.

அவர் ஒரு காயைக் கசக்கி மோந்து முகம் சுளித்தார். "நாறுதுடி."

"இன்னொரு தடவ சொல்லுங்க" என்றேன்.