அர்பாபின் குண்டுகளும் உம்மாவின் கஞ்சியும்

நாங்கள் ஷார்ஜாவில் இருந்த காலத்தில், வெள்ளிக்கிழமை காலை விடிந்தால் வீட்டில் ஏசியை அணைத்துவிடுவார்கள். காரணம், வாப்பாவின் அர்பாபுக்கு வேட்டைப் பைத்தியம்.

அர்பாப் என்றால் அங்கே முதலாளி. இவர் நகைக்கடை வைத்திருந்தார். வாப்பா அங்கே தங்கம் நிறுப்பவர். குளிர்காலத்தில் வெளிநாடு போய் மான் சுடும் அர்பாபுக்குக் கடையில் விற்கும் தோட்டா பிடிக்காது. தானே வெடிமருந்து அடைத்துச் செய்துகொள்வார். மருந்தை யாரையும் தொட விடமாட்டார். முனையில் வைக்கும் செம்புக் குண்டுகள் மட்டும் எங்கள் வீட்டுக்கு வரும். எல்லாம் ஒரே எடையாக இருந்தால்தான் வேட்டெல்லாம் ஒரே இடத்தில் படுமாம். அவற்றைத் தங்கத் தராசில் நிறுத்துப் பிரிப்பது வாப்பாவின் வேலை. ஏசிக் காற்றுக்கே அந்தத் தராசு ஆடும். நான் தும்மினால் வாப்பா முறைப்பார்.

வாப்பா பிரித்த குண்டுகள் குறி தப்பியதே இல்லை. வினையே அதில்தான் வந்தது. வாப்பாவின் தங்கைக்கு, அதாவது என் மாமிக்கு, ஊரில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. லீவு கேட்டால் அர்பாப் தோளில் தட்டி, "நீ போயிட்டா குண்டை யாரு நிறுப்பா? வேட்டை முடியட்டும்" என்று இந்தியில் சொல்லிவிடுவார். பாஸ்போர்ட்டும் அவரிடம். கூடப்பிறந்த ஒரே அண்ணன் இல்லாமல் கல்யாணமா என்று மாமி போனில் அழுதார். கெட்டிக்காரராக இருந்ததற்கு வாப்பாவுக்குக் கிடைத்த பரிசு இது.

அந்த வாரம், ஒத்த எடைக் குண்டுகளை ஒரு கிண்ணத்திலும் கழித்தவற்றை இன்னொன்றிலும் போட்டுவிட்டு வாப்பா ஜும்ஆத் தொழுகைக்குப் போனார். திரும்பி வந்தபோது உம்மா இரண்டையும் ஒரே டப்பாவில் கொட்டி மூடியிருந்தார்.

"கஞ்சி ஊத்தக் கிண்ணம் வேணும்ல. எல்லாம் ஒண்ணுபோலத்தான இருந்துச்சு" என்றார்.

வாப்பா கத்தப்போகிறார் என்று காதைப் பொத்திக்கொண்டேன். அவரோ டப்பாவை ஒருமுறை குலுக்கிப் பார்த்துவிட்டுக் கஞ்சி குடிக்க உட்கார்ந்தார்.

அடுத்த வாரம், துப்பாக்கி கிளப்பில் அர்பாப் சுட்டுப் பழகிய குறி அட்டையை வாப்பா வீட்டுக்கே கொண்டுவந்தார். மூலைக்கொன்றாக ஓட்டைகள்.

"கலாஸ், போதும். இந்தக் கண்ண வெச்சிக்கிட்டுத் தங்கம் நிறுத்தா என் கடை போச்சு. ஊருக்குப் போய் நல்லாத் தூங்கிட்டு வா" என்று சொல்லி பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்துவிட்டாராம் அர்பாப். கோபம்கூட இல்லையாம். நல்ல மனிதர்தான்.

உம்மாவுக்கு ஒன்றும் தெரியாததால் வாப்பாவின் பேர் கெட்டதே என்று எனக்கு ஒரே ஆத்திரம். உம்மாவும் நகைக்கடைக்காரர் வீட்டுப் பெண், தராசுக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவர். கடையில் ஒரு மூக்குத்தியைக்கூட மறுபடி நிறுக்காமல் கொடுக்காத வாப்பா, அந்த டப்பாவைத் திறக்காமலே கொண்டுபோனார். இதெல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய, வயது எட்டு.

விமானத்தில் வாப்பா உம்மா பக்கம் சாய்ந்து, "அடுத்த வருசம் எப்பக் கஞ்சி காச்சப் போற?" என்று கேட்டார். உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

எனக்குக் கஞ்சியே வேண்டாம் என்று நான் நடுவில் புகுந்து கண்டிப்பாகச் சொன்னேன்.