ஒலிநாடாவில் படித்த தமிழ்

பத்து வயதில் நான் ஒருவருக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தேன். அந்த வேலைக்கு என்னைவிடத் தகுதியான ஆள் மலாக்கா முழுக்கத் தேடினாலும் கிடைக்கமாட்டார் என்று அப்போது உறுதியாக நம்பினேன். அந்த நம்பிக்கை இன்றும் அடியோடு போய்விட்டது என்று சொல்ல முடியாது.

நாடு சுதந்திரம் பெற்ற வருடம் அது. காஜா பெராங்கில் சாலையோரமாக எங்கள் வீடு. அப்பா அரசாங்க அலுவலகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. அப்பாவின் ஒரே தம்பியான சித்தப்பா எங்களோடுதான் இருந்தார். தெங்கேராவில் ஒரு சிறு கடை பிடித்து ஒலிபெருக்கிகளை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். கல்யாணமோ, காதுகுத்தோ, தேர்தல் கூட்டமோ, எதுவானாலும் இரண்டு குழாய்களோடும் ஒரு கிராமபோனோடும் முதல் ஆளாகப் போய் நிற்பார். ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரர் தன் வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டபோது, சித்தப்பாவுக்கு ஓர் ஒலிப்பதிவுக் கருவி கிடைத்தது. மேலே இரண்டு சுருள்கள் சுற்றும். கீழே பெட்டி கருங்கல் கனம் கனக்கும். அதைத் தொட அவருக்கும் எனக்கும் மட்டும்தான் அனுமதி. எனக்கு அனுமதி கொடுத்தது நான்தான்.

அந்தக் கருவியை வைத்துச் சித்தப்பா ஒரு பெரிய காரியத்தில் இறங்கினார். இசைத்தட்டு இருக்கும் வீடெல்லாம் ஏறி இறங்கி இரவல் வாங்கினார். சினிமாப் பாட்டுகள், நாடகப் பாட்டுகள், கதைவசனத் தட்டுகள், மலாய்க்காரர்களின் மேடை நாடகமான பங்சாவானில் வாசிக்கும் வயலின் இசை என்று எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. கிராமபோனுக்கு முன்னால் மைக்கை நிறுத்திவைத்து ஒவ்வொன்றாகப் பதிவு செய்வார். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் தும்மக்கூடாது. அம்மா கடுகு தாளிக்கக்கூடாது. பக்கத்து வீட்டுச் சேவலை மட்டும் அதட்ட முடியவில்லை. ஓர் இளவரசியின் வசனத்துக்கு நடுவில் அது ஒருமுறை கூவியதும் அப்படியே பதிவாகிவிட்டது.

பதிவானதும் வெட்டு ஒட்டு வேலை. சவர பிளேடால் நாடாவைச் சாய்வாக வெட்டி, வேண்டிய துண்டுகளை ஒட்டுத்தாளால் சேர்ப்பார். பிடிக்காத சரணத்தைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் பங்சாவான் வயலினை வைப்பார். நாடக ராஜா பாடி முடித்து மூச்சு விடுவதற்குள் சினிமாக் கதாநாயகி ஆரம்பித்துவிடுவாள். வெட்டிப்போட்ட துண்டுகளை நான் ஒரு பிஸ்கட் டின்னில் பத்திரப்படுத்தினேன். ஒட்டும் வேலை என் சின்ன விரல்களுக்கு அவருக்கு வந்ததைவிட நன்றாக வந்தது. "இது என்ன அவியலாடா?" என்று அப்பா கேலி செய்தார். கேலி செய்தவர்தான் சாப்பிட்டு முடித்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்பார்.

வயலின் தட்டுகளை இரவல் கொடுத்த வீட்டில்தான் சங்கதி தொடங்கியது. அது கம்போங் என்கிற பழைய குடியிருப்புக்கு உள்ளே இருந்த ஒரு மலாக்காச் செட்டிக் குடும்பம். அந்த வீட்டுப் பெரியவர் ஒரு காலத்தில் பங்சாவான் குழுவில் வயலின் வாசித்தவர். அந்தக் குடும்பத்தார் எங்களைப் போலவே அம்மன் கோவிலுக்கு வருவார்கள், திருநீறு பூசுவார்கள், பொங்கல் வைப்பார்கள். ஆனால் பல தலைமுறைகளுக்கு முன்பே தமிழ் அவர்களை விட்டுப் போய்விட்டது. அவர்கள் பேசியது ஒருவகை மலாய். அதில் அங்கங்கே நாலு தமிழ்ச் சொற்கள் மிச்சமிருந்தன. அந்த வீட்டில் ஓர் அக்கா இருந்தார். தட்டு வாங்கப் போன சித்தப்பா அதைத் திருப்பிக் கொடுக்கவும் போனார். கொடுத்ததை மறுபடியும் வாங்கவும் போனார். ஒரே தட்டை எதற்கு அஞ்சு தடவை பதிவு செய்யவேண்டும் என்று அம்மாதான் முதலில் கேட்டாள்.

விஷயம் அப்பாவிடம் போனது. அண்ணன் பேச்சை மீறிச் சித்தப்பா ஒரு சட்டைகூட எடுத்ததில்லை; அண்ணன் வேண்டாம் என்றால் கல்யாணம் இல்லை. அப்பாவுக்கு அந்தக் குடும்பத்தின்மேல் ஒரு குறையும் இல்லை. ஆனால் தமிழ் அவருக்கு உயிர். தமிழ்ச் சங்கத்து நாடகங்களில் வில்லன் மந்திரியாக வேஷம் கட்டி, பக்கம் பக்கமாக வசனம் பேசிக் கைதட்டல் வாங்கியவர்.

"வீட்டுக்கு வர்ற பொண்ணு எங்கிட்ட தமிழ்ல நாலு வார்த்த பேசணும். அவ்ளோதான்டா. பேசிட்டான்னா நானே முன்ன நின்னு தாலி எடுத்துக் குடுக்கறேன்" என்றார். தை பிறந்ததும் பெண் பார்க்கப் போவதாகவும், அன்று பேசாவிட்டால் இந்தப் பேச்சையே மறந்துவிட வேண்டும் என்றும் தீர்ப்பானது. சொல்லிவிட்டுத் தன் மாலை நேர வகுப்புக்குக் கிளம்பிப் போனார். புதிய அரசாங்கத்துக்காக அவர் அந்த வருடம் இலக்கண சுத்தமாக மலாய் படித்துக்கொண்டிருந்தார்.

தாலி கட்டுவதற்கு முன்னால் சித்தப்பா அந்த வீட்டுக்கு அடிக்கடி போவது முறையல்ல. ஆகவே கருவி மட்டும் ரிக்‌ஷாவில் ஏறிப் போய் அவர்கள் கூடத்தில் உட்கார்ந்தது. தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் நான் ஆசிரியையாகப் போனேன். கூடத்து பல்பைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கருவியின் மின்கம்பியைச் செருகி, சுருளைச் சுற்றவிடுவேன். அக்கா பாயில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டுத் திருப்பிச் சொல்வார். அவருடைய அம்மா பக்கத்திலேயே வெற்றிலை மடித்துக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அக்காவுக்கு அப்பன் வழியில் வந்த காது. ஒரு தடவை கேட்டால் ராகம் மட்டுமில்லை, பாடுகிறவர் மூச்சு வாங்கும் இடம்கூடத் தப்பாது. பாட்டுகளோடு சேர்த்துப் பேசிக் காட்டவென்று சித்தப்பா ஒரு வசனத்தையும் தேர்ந்தெடுத்து வைத்திருந்தார். ஓர் இளவரசி அரசனிடம் அடைக்கலம் கேட்கும் இடம். நாடகக்காரரான அண்ணன் இதைக் கேட்டால் உருகிவிடுவார் என்பது அவர் கணக்கு. அக்கா அதைத் தேன் மாதிரிச் சொன்னார். சேவல் கூவிய இடத்தில் மட்டும், அது கூவி முடிக்கும்வரை நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார். நான் அதைத் திருத்தவில்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

பெண் பார்க்கும் நாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது நாடா அறுந்தது. நான்தான் அவசரப்பட்டுப் பின்னால் ஓட்டினேன். வசனத்தின் பிற்பகுதி கருவிக்குள் சிக்கிக் கசங்கி, ஒன்றுக்கும் உதவாமல் போய்விட்டது.  சித்தப்பாவிடம் சொன்னால் ஆசிரியை வேலை பறிபோய்விடும். வீட்டுக்கு ஓடிப்போய் என் பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து, துண்டுகளை ஓடவிட்டுக் கேட்டேன். அதே இளவரசியின் குரல் மாதிரி ஒன்று கிடைத்தது. அளவாக வெட்டி ஒட்டினேன். அது வேறு ஏதோ நாடகத்துத் துண்டு, நல்ல உறுமலாக இருந்தது. அதனால் என்ன? எவ்வளவு நேரம்தான் ஒருத்தி கெஞ்சிக்கொண்டே இருப்பாள், நடுவில் கொஞ்சம் விறுவிறுப்பு வேண்டாமா என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

புதுத் துண்டில் பாதிச் சொற்களுக்கு எனக்கே பொருள் தெரியாது. நான் படித்தது ஆங்கிலப் பள்ளி. வீட்டில் பேசும் தமிழில் அந்தச் சொற்கள் இல்லை. தமிழில் எனக்குத் தெரியாத சொல்லெல்லாம் மரியாதைச் சொல் என்பது அப்போதைய என் முடிவு. என்ன பொருள் என்று அக்கா மலாயில் கேட்டபோது, எல்லாம் மரியாதைதான், தலையைக் குனிந்து சிரித்த முகமாகச் சொல்லுங்கள் என்று விளக்கம் கொடுத்தேன். அக்கா அதையும் ஒரே மாலையில் பாடம் செய்துவிட்டார்.

தை பிறந்தது. அப்பா, அம்மா, சித்தப்பா, நான், சங்கத்துப் பெரியவர்கள் இரண்டு பேர் என்று ஆறு பேராகப் போனோம். வாசலில் மாவிலை கட்டியிருந்தார்கள். தட்டு நிறையக் குவே பலகாரங்கள். அப்பா விறைப்பாக உட்கார்ந்து தமிழிலேயே நலம் விசாரித்தார். சித்தப்பா அதை வயலின்காரப் பெரியவருக்கு மலாயில் சொல்வதும், அவர் சொன்னதை அப்பாவுக்குத் தமிழில் சொல்வதுமாக வியர்த்துக்கொண்டிருந்தார். அக்காவின் அம்மா கெபாயாச் சட்டையும் சாரோங்கும் உடுத்தி, சமையலறை வாசலை ஒட்டி உட்கார்ந்திருந்தார்.

அக்கா வந்தார். அப்பாவின் முன்னால் நின்று கைகூப்பி, நான் சொன்னபடியே தலையைக் குனிந்து, சிரித்த முகமாக ஆரம்பித்தார்.

"மாமன்னரே! தங்கள் பொற்பாதம் பணிந்தேன். திக்கற்று வந்த எனக்குத் தங்கள் குடைநிழலில் ஓர் இடம் தாருங்கள்."

அப்பாவின் புருவம் உயர்ந்தது. சங்கத்துப் பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். அக்கா சேவலுக்கு உரிய இடைவெளி விட்டார். சித்தப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டார். பிறகு அதே புன்னகை, அதே இனிய குரல்.

"அடே நயவஞ்சகா! என் நாதரை எந்தச் சிறையில் அடைத்தாய்? சொல்! சொல்லாவிட்டால் உன் மாளிகை இன்றே சாம்பலாகும்!"

 சித்தப்பாவின் முகத்தில் ரத்தமே இல்லை. அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். எங்கோ தப்பு நடந்துவிட்டது என்று எனக்கும் புரிந்தது. எல்லார் முகத்தையும் பார்த்த அக்காவின் புன்னகை மெல்லக் கலைந்தது. 

அப்பா மெதுவாக எழுந்தார். இல்லாத அங்கவஸ்திரத்தைத் தோளில் உதறிப் போட்டுக்கொண்டு, மேடையில் நிற்பதுபோல ஒரு காலை முன்னால் வைத்தார். கையை நீட்டிச் சித்தப்பாவைக் காட்டினார்.

"பெண்ணே! அதோ நிற்கிறான் உன் நாதன். சிறையை யாமே திறந்தோம். அழைத்துச் செல்!"

முதலில் சிரித்தது அம்மாதான். பிறகு சங்கத்துப் பெரியவர்கள், அப்பா, கண்ணில் நீரோடு சித்தப்பா. என்ன நடந்தது என்று சித்தப்பா ஓடிப்போய் அக்காவிடம் மட்டும் மெல்ல மலாயில் சொன்னதும், அவரும் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்த மாதமே தாலி எடுத்துக் கொடுத்தது அப்பாதான். இவ்வளவுக்கும் காரணம் என் ஒட்டுவேலை. நானில்லாவிட்டால் சித்தி இல்லை என்று பல வருடங்கள் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.

அந்தச் சிரிப்புக்கு நடுவில் யாரோ என் பாவாடையை இழுத்தார்கள். சித்தியின் அம்மா. எங்கள் முகங்களைப் பார்த்து அவரும் சிரித்துக்கொண்டிருந்தார், கொஞ்சம் தாமதமாக.

"அபா டியா சாக்காப்?" என்று என் காதருகில் கேட்டார். மகள் என்ன சொன்னாள் என்று.

அப்பா என் பக்கம் திரும்பிப் பாராட்டப்போகிற நேரம் அது. "பாகுஸ், பாகுஸ்" என்றேன். நன்றாகத்தான் சொன்னாள் என்று அவசரமாகத் தலையாட்டிவிட்டு ஓடினேன். அவரும் தலையாட்டிக்கொண்டு, காலியான தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனார். தன் சொந்தக் கூடத்தில், தான் பெற்ற மகள் கல்யாணத்துக்காகப் பேசிய முதல் பேச்சு அவருக்குப் புரியவில்லை. அதைப் போய்ச் சொல்லவேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அன்று அந்தக் கூடத்திலிருந்த அத்தனை பேருக்கும் மலாய் தெரியும்.