பெட்டிக்குள் அடங்காத விமானம்

வார்ப்பட ஆலையில் மூன்று பேர் இருந்தோம்: சண்டைக் காலத்தில் விமானம் விழுந்த சோளக்காட்டுக்காரர், பெட்டி செய்த தச்சர், வார்ப்புக்கு மர அச்சு செதுக்கும் நான். ஆயுத பூஜைக்கு வைக்க, அந்த விமானத்தை விழுந்து கிடந்தபடியே மரத்தில் செதுக்கியிருந்தேன். நீளம் இரண்டு அடி. பெட்டியும் உள்ளே இரண்டு அடி. ஆனால் விமானம் உள்ளே போகவில்லை.

என் அளவுகோலில் மறுபடி அளந்தேன். இரண்டு அடிதான். ஒன்றும் புரியவில்லை. கண் போய்விட்டதோ, இனி யார் வேலை தருவார்கள் என்று பயந்தேன்.

தச்சர் தன் கோலை என் கோலோடு சேர்த்து வைத்துப் பார்த்துச் சிரித்தார். "ஏனுங்க, இதையும் இரும்புல ஊத்தப் போறீங்களா?"

என்னுடையது வார்ப்புக் கோல். ஆறும்போது இரும்பு சுருங்கும் என்று, அடிக்கு அரைக்கால் அங்குலம் கூட்டிச் செய்தது.

"வாலு நசுங்கித்தானுங்க கெடந்துச்சு. அதுல சீவிப்போடுங்க," என்றார் காட்டுக்காரர்.

சீவினேன். கால் அங்குலம்.